எடித் வூமாரின் முரட்டுப் பொத்தான்

எடித் வூமாரைப் பிடிவாதக்காரி என்று சொல்பவர்களுக்கு அவளைச் சரியாகத் தெரியாது. பிடிவாதக்காரிகள் எங்கள் சேன்-இமியே பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருத்தி உண்டு, நானே ஒருத்தி. எடித் அதற்கும் மேலே. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, நாங்கள் எல்லாம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, கை கழுவி, ஊர் வம்பு பேசி முடித்துத் திரும்பி வந்தால், அவள் அதே நாற்காலியில், கண்ணில் லென்ஸைச் செருகியபடி, அப்படியே குனிந்திருப்பாள்.

"சாப்பிடலையாடி?" என்று கேட்டால், "இந்த ஸ்பிரிங் என்னைப் பாத்துச் சிரிக்குது ஆர்லெட். இத அடக்கிட்டுத்தான் சாப்பாடு" என்பாள். அடக்கியும் விடுவாள். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது வில்ரே கிராமத்தில், மேரா குடும்பத்தின் கடிகாரத் தொழிலகத்தில். விமானங்களுக்குத் துணியில் இறக்கை கட்டிய காலத்திலேயே அவற்றின் முன்பலகைக்குக் கடிகாரம் செய்து கொடுத்த வீடு அது. மாடிப்படிச் சுவர் முழுக்க மீசை வைத்த விமானிகளின் படங்கள் மாட்டியிருக்கும். எல்லாரும் எங்கள் கடிகாரத்தை நம்பிப் பறந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கேயாவது விழுந்து செத்தவர்கள் என்பதை விருந்தாளிகளிடம் யாரும் சொல்வதில்லை.

எங்கள் மேசையில் முடிவது விமானிகளுக்கான கைவாட்ச். நேரம் காட்டும் முட்களோடு நடுவில் மெல்லிய நீள முள் ஒன்று தனியாக இருக்கும். மேல் பொத்தானை அழுத்தினால் அது ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டுக்கே திரும்பிவிடும். அந்தப் பொத்தான்களுக்கு உயிர் கொடுப்பது எடித்தின் வேலை. நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. நான் முள் பொருத்துவேன், அவள் குறை சொல்லுவாள், நான் கழற்றி மறுபடி பொருத்துவேன்.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது: சுண்டுவிரல். முடிந்த ஒவ்வொரு வாட்சையும் முதலாளி மேராவே கையில் எடுப்பார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் செய்தபடியே, சுண்டுவிரல் நுனியால் மேல் பொத்தானை அழுத்துவார். நகம் வெளுக்காமல் முள் ஓடினால் வாட்ச் தேறியது. நகம் கொஞ்சம் வெளுத்தாலும், "இதென்ன, கதவு தாழ்ப்பாளா?" என்று கேட்டுத் திருப்பி வைத்துவிடுவார். அதைக் கேட்ட பெண் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். எடித்தின் பொத்தானுக்கு அவர் நகம் வெளுத்ததே கிடையாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். பள்ளத்தாக்கின் மற்றத் தொழிலகங்களிலிருந்தும் ஆட்கள் வந்து அழுத்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை, வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான்.

விமானிகளுக்கு வாட்ச் செய்பவள் என்று பேர்தானே தவிர, உயரம் என்றால் அவளுக்குக் குலைநடுங்கும். மோன்-சொலெய் மலைக்குப் போகக் கயிறு இழுக்கும் ரயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாம் அதில் ஏறி, மேலே புல்வெளியில் நெருப்பு மூட்டி, சாம்பலில் சாசேஜ் புதைத்துவிட்டுக் காத்திருப்போம். எடித் காட்டுப்பாதையில் நடந்தே வந்து சேருவாள், மூச்சு வாங்க, முகம் சிவந்து. "ரயில் என்ன உன்னைக் கடிக்குதா?" என்று அவள் புருஷன் மார்செல் கேட்பான். "கயிறுதான அது? கயிறு அறும்" என்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வசந்தத்தில் ஃபிர்மின் க்ரெத்தா எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். தெற்கே பனிமலைகள் சூழ்ந்த வலே பக்கத்து ஆள். சறுக்குக்கட்டை பொருத்திய சின்ன விமானத்தைப் பனிப்பாறைமேல் இறக்கி, கால் ஒடிந்த மலையேறிகளைத் தூக்கிக் கீழே கொண்டு வருபவன். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். எங்கள் வாட்சை ஒருமுறை அஞ்சலில் திருப்பி அனுப்பியிருந்தான். குறை ஒன்றுமில்லை என்று நாங்கள் அவனுக்கே திருப்பி அனுப்பியிருந்தோம். இந்தத் தடவை அதைக் கைக்குட்டையில் முடிந்து தானே எடுத்து வந்திருந்தான்.

"இந்த முள் நடுவுல செத்துப் போவுதுங்க" என்று அதை முதலாளியின் மேசையில் வைத்தான்.

மேரா சுண்டுவிரலால் அழுத்தினார். ஓடியது. அழுத்தினார். நின்றது. "தங்கமா ஓடுதே, க்ரெத்தா."

"உங்க மேசையில ஓடுது. என் மலையில நிக்குது."

"எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

"அது தெரிஞ்சா நான் ஏன் ரயிலேறி இவ்வளவு தூரம் வரேன்? பனிப்பாறைய விட்டு எறங்கும்போது பள்ளத்தாக்க மேகம் மூடிக்கிச்சுன்னா ஒண்ணும் தெரியாது. பால் தூக்குக்குள்ள தலைய விட்ட மாதிரி. ரெண்டு பக்கமும் பாறை. நான் பொத்தான அழுத்துவேன், திசை மாறாம ஓட்டுவேன், முள் குறிச்ச இடத்துக்கு வந்ததும் வலப்பக்கம் திருப்புவேன். அங்கதான் வழி இருக்கு. முள் நின்னு போய், நான் அது தெரியாம நேரே போயிட்டே இருந்தா எதிர என்ன வரும்? சொல்லுங்க. கல்லு!"

கூடம் அமைதியாகிவிட்டது. எனக்கு அமைதி ஒத்துக்கொள்வதில்லை. "வலேக்காரங்க காலையிலேயே வைன் குடிப்பாங்களாமே, அதனால முள் நிக்கிற மாதிரி தெரியுதோ என்னவோ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன். அவனுக்குக் காது கூர்மை.

"குடிச்சுட்டு ஓட்டியிருந்தா என்னை எப்பவோ பொறுக்கி எடுத்திருப்பாங்கம்மா" என்றான் என் பக்கம் திரும்பி. "கசப்பு வேர்ல சாராயம் காய்ச்சி, அதக் கடிகாரத்துக்கு எண்ணெய்ன்னு சொல்லி வாயில ஊத்திக்கிறது நீங்கதான்." எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என் மூக்கு உடைந்தது.

எடித் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து வாட்சை வாங்கி, "எப்படி அழுத்துவீங்க, காட்டுங்க" என்றாள். கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். ஓடியது. நூறு தரம் அழுத்தச் சொன்னாலும் ஓடியிருக்கும். "விமானத்துல ரெண்டு தடவை இது என்னைக் கொல்லப் பாத்துச்சு மதாம்" என்று மெதுவாகச் சொன்னான், அந்தக் கத்தல் எல்லாம் போய். "ரெண்டு தடவையும் கடைசி நிமிஷத்துல மேகம் கிழிஞ்சுது. மூணாவது தடவை கிழியும்னு யாரு சொன்னா?"

அவன் வாட்சை எங்களிடம் விட்டுவிட்டுப் போனபிறகு மேரா எங்கள் மேசைக்கு வந்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். "இன்னொரு தடவை இது திரும்பி வந்துச்சுன்னா, விமானி வாட்சையே விட்டுடலாம்னு இருக்கேன். பொம்பளைங்க வாட்ச் நல்லா போகுது. நம்ம வாட்சக் கட்டிக்கிட்டு ஒருத்தன் மலையில மோதினான்னு வெளிய பேச்சு வந்தா, அப்புறம் யாரு நம்மள நம்புவா?" என்றார்.

எடித் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. "அந்த ஆள் சாகப் போறான், முதலாளி" என்றாள். "என் பொத்தானால சாகப் போறான்."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை, எங்களுக்கு நிம்மதி இல்லை. வாட்சைப் பனிப்பெட்டியில் வைத்தாள், அடுப்பில் வைத்தாள், இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தாள். எல்லாப் பக்கமும் திருப்பிப் போட்டாள். மார்செலின் மோட்டார் சைக்கிளில் கட்டி, கல்பாவிய தெருவில் மேலும் கீழும் ஓட்டச் சொன்னாள். ஊர் முழுக்க ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தது. மார்செலின் பல் ஆட்டம் கண்டதே ஒழிய முள் நிற்கவில்லை.

"விட்டுத் தொலையேன். அவன் எங்கேயாவது கீழ போட்டிருப்பான்" என்றேன் நான்.

"கீழ போட்டா அச்சு வளையும். வளையல. அவன் பொய் சொல்லல ஆர்லெட். இங்க எதையும் காட்டமாட்டேங்குது இது. அப்ப நான் அங்க போய்த்தான் பாக்கணும்."

"எங்க?"

கையை மேலே காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது. "நீயா? கயிறு ரயில்ல ஏறாதவளா?"

"விமானத்துல கயிறு இல்லையே" என்றாள்.

ஜூலை கடைசியில் கடிகாரக்காரர் விடுமுறை வரும். பள்ளத்தாக்கில் எல்லாத் தொழிலகமும் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். ஊரே பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ கிளம்பிவிடும். வூமார் குடும்பமும் இத்தாலிக் கடற்கரைக்குப் போவதாக இருந்தது. எடித் அதை ரத்து செய்துவிட்டு, ஃபிர்மினுக்குத் தொலைபேசியில், என்னை ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டாள். அவன் முடியாது என்றான். இவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். மார்செலிடம், நீயாவது தடுக்கக் கூடாதா என்று கேட்டேன். ஊர் வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுகிறவன், பெரிய நுரையீரல், சின்னக் குரல். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஜெயிச்ச சண்டை ஒண்ணு சொல்லு ஆர்லெட், அப்புறம் தடுக்கிறேன்" என்றான்.

வாட்சை எடுத்துக்கொண்டு எடித் கிளம்ப, துணைக்கு நான் போனேன். வலேயில் இருக்கும் சியோன் விமானத் திடலில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவனுடைய விமானம் இவ்வளவுதானா? துணியும் குழாயும்தான். முன்னால் ஓர் இருக்கை, அதன் முதுகோடு ஒட்டிப் பின்னால் ஒன்று. மலைக்குடிலுக்குப் போகிற ரொட்டி மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும் காலடியில் கிடந்தன. எடித் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபிர்மின் அவளை வார்க்கட்டி உட்காரவைத்து, "பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க மதாம்" என்றான்.

"கண்ண மூடவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சீறினாள். "உங்க இடது கைய எனக்குத் தெரியற மாதிரி வச்சுக்குங்க. மத்தது எல்லாம் உங்க பாடு."

இனி மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவரையொருவர் திட்டிய இடங்களைக் குறைத்திருக்கிறேன்.

போகும்போது ஒரு வம்பும் இல்லை. எடித் வெளியே பார்க்கவே இல்லை. பனிப்பாறையையும் பார்க்கவில்லை, சிகரத்தையும் பார்க்கவில்லை. முன் இருக்கைக்காரனின் தோளுக்கு மேலாக அவன் இடது மணிக்கட்டையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்சைச் சட்டைக் கைக்கு மேலே கட்டியிருந்தான். அந்தக் கையால்தான் என்ஜின் நெம்புகோலைப் பிடித்திருந்தான். பனிப்பாறையில் இறங்கினார்கள், மூட்டையைக் கொடுத்தார்கள், குடில்காரன் கொடுத்த சூப்பைக் குடித்தார்கள். ஜூலையிலும் அங்கே மூச்சு புகையாக வந்ததாம். திரும்பிக் கிளம்பும்போது ஃபிர்மின் தன் ஆட்டுத்தோல் கையுறையை மாட்டிக்கொண்டான். ரொட்டி மாதிரி தடித்த கையுறை. மேலே வந்தால்தான் அதை மாட்டுவான். கீழே இறங்கியதும் கழற்றி இருக்கைக்கு அடியில் எறிந்துவிடுவான். எங்கள் பட்டறைக்கு அவன் வெறுங்கையோடுதான் வந்தான். அதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாதி வழியில் பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக்கொண்டது. அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், பொத்தானை அழுத்தினான், மேகத்துக்குள் நுழைந்தான். அவன் கண் திசைகாட்டியில். அவள் கண் முள்ளில். விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. அவன் நெம்புகோலை முன்னால் தள்ள மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கினான். கையுறையின் தடித்த மடிப்பு பொத்தானில் சாய்ந்தது. சாய்ந்ததுதான், அழுத்தக்கூட இல்லை. அவளுடைய அருமைப் பொத்தான் அதற்கே இறங்கிக் கொடுத்தது. முள் நின்றது.

அவனுக்குத் தெரியாது. தடித்த தோலுக்குள் இருக்கும் கைக்கு அந்த மென்மை எப்படித் தெரியும்? அடுத்த தடவை அவன் வாட்சைப் பார்க்கும்போது, இன்னும் நேரம் இருக்கிறது என்று அது பொய் சொல்லும். எடித் கத்தினாள். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. முதுகில் குத்தினாள். அவன், இவள் பயத்தில் செய்கிறாள் என்று நினைத்து, "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று கத்தினான். வார்க்கட்டை அவிழ்த்து, எம்பி, அவன் மணிக்கட்டைப் பிடித்து அவன் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

திருப்பத்தைத் தாண்டிவிட்டார்களா இல்லையா என்று இருவருக்கும் தெரியாது. ஃபிர்மின் என்ஜினை முழுசாக முடுக்கி மூக்கை மேலே தூக்கினான். வேறு வழியில்லை, மேலே மட்டும்தான் கல் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். எடித் பின்னால் சரிந்து விழுந்தாள். "கடவுளே கடவுளேன்னு சொன்னேன். கடவுள்கிட்ட அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் தோணல" என்றாள் என்னிடம். பிறகு திடீரென்று வெயில். அவர்களுக்குக் கீழே, சறுக்குக்கட்டைக்கு மிக அருகில், மேகத்தைப் பிளந்துகொண்டு கறுத்த பாறைமுனை ஒன்று பின்னால் நழுவிப் போனது. அதில் முளைத்திருந்த புல்கூடத் தெரிந்ததாம்.

அவர்கள் சுற்றிக்கொண்டு வந்து இறங்கும்வரை நான் திடலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். எடித் இறங்கினாள், நாலடி நடந்தாள், குடித்த சூப்பை எல்லாம் புல்லில் வாந்தி எடுத்தாள். ஃபிர்மின் வாட்சைக் கழற்றித் தரையில் வீசப் போனான்.

"எறியாதீங்க! அது மேல தப்பில்ல" என்று வாயைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

"பின்ன யாரு மேல? என் மேலயா?"

"உங்க மேலயும் இல்ல. எங்க சுண்டுவிரல் மேல. அந்தக் கையுறையக் குடுங்க."

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எந்த மென்மைக்காக எங்களைத் தட்டிக்கொடுத்தார்களோ அதுதான் அந்த மனுஷனைக் கொல்லப் பார்த்தது. முட்டையைத் தொடுகிற மாதிரி வாட்சைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கூட்டம் நாங்கள். அதைக் கட்டிக்கொண்டு ஒருவன் முரட்டுத்தனமாக உழைப்பான் என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

விடுமுறை முடிந்து தொழிலகம் திறந்த அன்று எடித் அந்தக் கையுறையை மேராவின் மேசையில் வைத்தாள். மாட்டிக்கொள்ளச் சொல்லி, வாட்சைக் கட்டி, முள்ளை ஓடவிட்டு, "அலமாரியத் தள்ளுங்க, முதலாளி" என்றாள். அவர் தள்ளினார். முள் நின்றது. மறுபடி தள்ளினார், மறுபடி ஓடியது. முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

"விறைப்பா ஒண்ணு செய்யறேன்" என்றாள் எடித்.

"விறைப்பாவா? எடித், இந்த வீட்டோட பேரே அந்த மென்மைலதான இருக்கு? கடைக்காரன் அழுத்திப் பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். கடைக்காரன் மேகத்துக்குள்ள போறதில்ல."

"எங்க தாத்தா..."

"உங்க தாத்தா படியில மாட்டி வச்சிருக்காரே, அந்த மீசைக்காரங்கள்ல எத்தனை பேரு முள் நின்னதால செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாதுங்கிறதுதான் எனக்குத் தாங்கல."

இப்படி யாரும் மேராவிடம் பேசியதில்லை. அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, க்ரெத்தாவுக்கு மட்டும் ஒன்று செய்து கொடு, அவன் அதையும் திருப்பி அனுப்பினால் விமானி வாட்சை அத்தோடு மூடிவிடுவேன் என்றார். எடித் சரி என்று மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். எங்கே? ஸ்பிரிங் விறைத்தால், பொத்தான் இடிக்கும் வேகத்தில் முள் துள்ளியது. துள்ளலை அடக்கினால் சக்கரத்தின் பல் உடைந்தது. பல்லைக் காப்பாற்றினால் பொத்தான் பாதியில் சிக்கியது. "பாதி அழுத்தம்னு ஒண்ணே இருக்கக் கூடாது ஆர்லெட். ஒண்ணு, அசையவே கூடாது. இல்ல, மொத்தமா எறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே அராவினாள், பொருத்தினாள், கழற்றினாள், தூக்கி எறிந்தாள். இலையுதிர்காலம் வந்து போனது. மற்றப் பெண்கள் அவளைக் கொல்லன் பட்டறைக்குப் போகச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். நானும் செய்தேன். வாழ்நாள் முழுக்க மென்மையையே பழகிய விரல்களுக்கு முரட்டுத்தனம் கற்றுக்கொடுப்பது சுலபமில்லை. அவள் கட்டைவிரலில் தோல் உரிந்து காய்த்துப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். ஒருநாள் உடைந்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "விட்டுடுடி" என்றேன். "அந்தப் பாறைய நீ பாக்கல" என்றாள். 

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிந்தது. பொத்தானைக் குட்டையாக்கி, வாட்சின் உடம்போடு ஒட்டவைத்திருந்தாள். மேரா வழக்கப்படி சுண்டுவிரலை வைத்தார். நகம் வெளுத்தது, விரலே வெளுத்தது, பொத்தான் இருந்த இடத்தில் இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் பலங்கொண்டமட்டும் அழுத்தினார். கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி டக் என்றது. முள் ஒரு துளி துள்ளாமல் நடக்க ஆரம்பித்தது. அவர் சிரிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. பெட்டியில் வைத்து வலேக்கு அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நல்லது என்றோ கெட்டது என்றோ அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம், சாப்பாட்டு நேரத்து வானொலிச் செய்தியில் வலே மலைகள் வந்தன. பனிச்சறுக்கில் கால் முறிந்த ஒருவனை எடுத்துவரப் போன சின்ன விமானம் இன்னும் திரும்பவில்லை, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடியிருக்கிறது, தேடிப் போகவும் வழியில்லை என்றார்கள். விமானியின் பேரைச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ரொட்டியை யாரும் தொடவில்லை. எடித் எழுந்து மேசைக்குப் போனாள், லென்ஸைச் செருகிக்கொண்டாள், திருகாணியை எடுத்தாள், கீழே போட்டாள். அவள் கையிலிருந்து ஒரு திருகாணி விழுந்ததை அன்றுதான் பார்த்தேன். குனிந்து தேடினாள். நானும் குனிந்தேன். மேசைக்கு அடியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா செஞ்சுட்டேனா ஆர்லெட்? ரொம்ப விறைப்பாயிடுச்சோ? ஆரம்பிக்கவே முடியாமப் போயிருந்தா?"

 நான் திருகாணியைத் தேடி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

பொழுது சாயும் முன்பு முதலாளியின் அறையில் தொலைபேசி அடித்தது. மேரா கதவைத் திறந்து, "எடித்!" என்றார். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போனாள். நாங்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் அடைத்துக்கொண்டு நின்றோம். அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள். வைத்ததும் தள்ளிப் பிடித்தாள், அந்தக் குரல் அவ்வளவு பெரிசு. கதவுவரை கேட்டது.

"மதாம் வூமார்! இதுக்குப் பேரு பொத்தானா? கட்டைவிரல் வீங்கி உருளைக்கிழங்கு மாதிரி கெடக்கு! கரண்டியப் பிடிக்க முடியல, சட்டை பொத்தான் போட முடியல! வாட்ச் கேட்டா கல்லுடைக்கிற வேலை குடுத்திருக்கீங்களே!"

"முள் நின்னுச்சா?" என்றாள் எடித். அவன் கத்தலில் அது அவனுக்குக் கேட்கவில்லை, மறுபடி கேட்டாள். "க்ரெத்தா, முள் நின்னுச்சா?"

"நிக்கவா? இத நிறுத்தறதுக்குள்ள என் உயிரு போச்சு! மேகம் தடியா, பாறை தெரியாம, வழி முழுக்க ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு சனியன்! குறிச்ச இடத்துல திருப்பினேன், வழி இருந்துச்சு. என்ஜின்ல ஐஸ் கட்டிக்கிச்சு, வேற ஊர் வயல்ல எறக்கிட்டேன். காலொடிஞ்சவன் இங்கதான் உக்காந்து என் வைனக் குடிச்சிக்கிட்டிருக்கான். தரையில நின்னு, ரெண்டு கையாலயும் அழுத்தித்தான் அதை நிறுத்தினேன்! இப்படி ஒரு மட்டமான, முரட்டுத்தனமான..."

மேராவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது. "என்னவாம்? திருப்பி அனுப்புறானா?" என்று கேட்டார்.

எடித் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். "இல்ல முதலாளி. திட்டுறான்" என்றாள். உதடு கோணியது. "உயிரோட இருந்து திட்டுறான்."

முதலாளியின் நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, துடைக்கவில்லை. ரிசீவரை மறுபடி காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க க்ரெத்தா" என்றாள். "நிறுத்தாதீங்க. இன்னும் திட்டுங்க."